நாலாம் நம்பர்

நடு சீட்டுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன் அண்ணா. பாருங்க, ரெண்டு டிக்கெட். ஒன்று எனக்கு, ஒன்று பெட்டிக்கு. நீங்க ஓரத்தில் தாராளமாக உட்காருங்க. பெட்டி மேல் மட்டும் கை வைக்காதீங்க. சாயவும் கூடாது. உள்ளே கம்பியெல்லாம் முடி மாதிரி இருக்கிறது.

மேலே கேரியரில் வைக்க முடியாது, வளைவில் விழுந்துவிடும். கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள். மடியில் வைத்துப் பார்த்தேன், சிங்காநல்லூரில் இருந்து ஒண்டிப்புதூர் தாண்டுவதற்குள் கால் மரத்துவிட்டது. கண்டக்டர் வந்து, "என்ன தம்பி, டிவியா?" என்றார். கப்பல் என்றேன். "தாராபுரத்துக்கு எப்படா கடல் வந்துச்சு?" என்றார். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இன்னொரு டிக்கெட் கொடுங்க, சீட்டில் உட்கார வைக்கிறேன் என்றேன். "கப்பலுக்கு ஃபுல்லா, ஹாஃபா?" என்று அதற்கும் ஒரு சிரிப்பு. நீங்க சூலூரில் ஏறினீங்க, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது.

கப்பல்தாங்கண்ணா. ரெண்டாம் உலகப் போரில் ஓடின டெஸ்ட்ராயர். நிஜக் கப்பலில் இருநூறில் ஒரு பங்கு. கடையில் பெட்டியாக விற்கிற பாகங்களை வாங்கி ஒட்டினது இல்லை, நானே செய்தது. விளம்பர போர்டு செய்கிற பிளாஸ்டிக் பலகையை அறுத்து உடம்பு. பீரங்கிக் குழலெல்லாம் ஆஸ்பத்திரி ஊசி. மேல்தளத்தைச் சுற்றிப் போகிற கைப்பிடி, அப்பா கடையில் மோட்டாருக்குச் சுற்றுகிற செம்புக் கம்பி. கொடிமரத்துக் கயிறுகள், பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி இழுத்தது. இழுக்கும்போது மூச்சு விட்டால் அறுந்துவிடும். எத்தனையோ அறுந்திருக்கிறது.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஏன் கப்பல் என்று கேட்காதீங்க. எல்லாரும் கேட்டாகிவிட்டது. ஆறாவது படிக்கும்போது போனில் ஒரு படம் பார்த்தேன், பிடித்திருந்தது, அவ்வளவுதான். கடலை ஒரே தடவை பார்த்திருக்கிறேன், திருச்செந்தூரில். அது சும்மா தண்ணியாக இருந்தது. கப்பல் ஒன்றுகூட இல்லை.

தாராபுரத்தில் நாளைக்கு என் அக்கா பையனுக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தணும், உங்களுக்குத் தெரியாததா. அக்காவுக்கு நான் ஒருத்தன்தான். அதனால்தான் போகிறேன், இல்லையென்றால் போயிருக்க மாட்டேன். அவளிடம் பேசி ஒரு வருசத்துக்கு மேலாகிறது. பையன் பிறந்து பதினொரு மாசம். போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அப்பா அம்மா முந்தாநாளே சீர்த்தட்டெல்லாம் எடுத்துக்கொண்டு வேனில் போய்விட்டார்கள். எனக்கு அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை பாக்கி இருந்தது, காயணும், அதனால் தனியாக வருகிறேன்.

மாமன் சீரில் கப்பலா என்று கேட்கிறீங்க. சீர் இல்லைங்க. அக்காவுக்குக் காட்டத்தான் கொண்டு போகிறேன். அவள் இல்லாமல் நான் செய்த முதல் கப்பல் இது. காட்டிவிட்டு, நாளைக்குப் பையனை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் இருக்கிற இடத்தில் ஒரு விசயம் சொல்லப் போகிறேன். அக்கா பத்து வருசமாக மறைத்த விசயம். அவள் வீட்டுக்காரர், மாமனார், மாமியார், யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவேன்.

அப்படிப் பார்க்காதீங்க. கேட்டுவிட்டு அப்புறம் பாருங்க.

எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. கண்ணு நன்றாகத் தெரியும். தூரத்தில் வருகிற பஸ்ஸில் என்ன ஊர் எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு முன்னால் நான் படிப்பேன். ஆனால் சிவப்பு, பச்சை, காவி, ஒரு மாதிரி சாம்பல், இதெல்லாம் எனக்கு ஒரே குடும்பம். பதினேழரை வயசு வரைக்கும் இது எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

அவள் பேர் மேகலா. என்னைவிட ஆறு வயசு பெரியவள். நான் கப்பல் செய்ய ஆரம்பித்தபோது பெயிண்ட் வேலையை அவள்தான் எடுத்துக்கொண்டாள். "நீ ஒட்டு, நான் கலக்கித் தர்றேன்" என்பாள். பழைய நெயில் பாலிஷ் பாட்டிலைத் தின்னர் ஊற்றிக் கழுவி, அதில் கலக்கி ஊற்றிவிடுவாள். மூடியிலேயே பிரஷ் இருக்கும் பாருங்க, அதனால் வசதி. ஒவ்வொரு பாட்டில் மேலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி நம்பர் எழுதுவாள். ஒன்றில் இருந்து பன்னெண்டு வரைக்கும். கலர் பேர் சொல்லவே மாட்டாள். "மேல்தளத்துக்கு ஏழு அடி. பக்கவாட்டுல திட்டுக்கு ஒம்பது. தண்ணிக்குக் கீழ இருக்கற பாகத்துக்கு நாலு" என்பாள். நானும் அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் விற்கிற மாடல் பெயிண்டில்கூட நம்பர்தான் போட்டிருக்கும், போனில் பார்த்திருக்கிறேன். பெரிய ஆளுங்க மாதிரி நாமும் நம்பரில் பேசுகிறோம் என்று எனக்கு ஒரு கெத்து.

நாலு என்றால் கப்பல் அடிப்பாகம். கப்பலுக்கு அடியில் பாசி பிடிக்காமல் இருக்க ஒரு சிவப்பு அடிப்பார்கள். அந்தச் சிவப்புதான் நாலாம் நம்பர். எல்லாக் கப்பலுக்கும் அதுதான், அதனால் நாலு சீக்கிரம் தீர்ந்துவிடும். "நாலு தீந்துருச்சுக்கா" என்பேன். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கைகூடக் கழுவாமல் கலக்க உட்காருவாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகும்போது நான் ப்ளஸ் ஒன். கல்யாணத்துக்கு முந்தின நாள் ரூமைப் பூட்டிக்கொண்டு ரொம்ப நேரம் உள்ளே இருந்தாள். பொண்ணு அழுகுது, விடுங்க என்று சித்திமார்களெல்லாம் சொன்னார்கள். அழவில்லை. பன்னெண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொண்டிருந்தாள். மருதாணி வைத்த கையில் தின்னர் வாசம். நாலு மட்டும் மூன்று பாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்போதும் சொல்லவில்லை பாருங்க.

நான் நேவிக்குப் போகிறேன் என்று முடிவு செய்தேன். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, கப்பல் செய்கிறவன் கப்பலுக்குத்தானே போவான். பத்தாவது பாஸ் போதும் என்று ஒரு வேலை இருந்தது. அப்புறம் ப்ளஸ் டூ எதுக்கு? காலையில் நாலு மைல் ஓட்டம், பத்து மணிக்கு கெமிஸ்ட்ரி, ரெண்டும் ஒத்துவரவில்லை. அரைப் பரீட்சைக்கு அப்புறம் ஸ்கூலுக்குப் போகவில்லை. அப்பா திட்டினார். அக்கா போன் பண்ணி, "பன்னெண்டாவது முடிச்சுட்டுப் போ சாமி" என்றாள். ரெண்டாவது தடவையும் சொன்னாள். மூன்றாவது தடவை பஸ் ஏறி வீட்டுக்கே வந்து சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாத்தான், ஒரு கைக்காவலுக்கு" என்றாள். சும்மாத்தான் என்றால் நான் எதுக்குக் கேட்கணும்? கேட்கவில்லை.

நேவிப் பரீட்சை பாஸ். ஓட்டம் பாஸ். தண்டால் பாஸ். மெடிக்கல் வேறு ஊரில், ஒரு ராத்திரி ஒரு பகல் ரயில். காது பார்த்தார்கள், பல் பார்த்தார்கள், பாதம் பார்த்தார்கள். கடைசியில் ஒரு புத்தகம். பக்கம் பூராவும் புள்ளி, புள்ளிக்குள்ளே ஒரு நம்பர் இருக்கும், அதைச் சொல்லணும். முதல் பக்கம் பன்னெண்டு. ரெண்டாவது பக்கம் மூணு. எனக்கு முன்னால் நின்றவன் அந்தப் பக்கத்துக்கு எட்டு என்று சொன்னதைக் கேட்டேன். பாவம், கண்ணு சரியில்லாதவன், இவ்வளவு தூரம் வந்துவிட்டானே என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் வந்த பக்கங்களில் நம்பரே இல்லை. வெறும் புள்ளி. நம்பர் இல்லை சார் என்று சொன்னேன். அதுவும் ஒரு பதில் போல என்று நினைத்து சத்தமாகத்தான் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எழுதினார். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருத்தர் இருந்தார். "தம்பி, உனக்கு இது முன்னாடியே தெரியாதா? வீட்ல யாரும் சொல்லலையா?" என்றார்.

நிறையப் பேர் அங்கேயே அழுதார்கள். ஒருத்தன் செருப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தான். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரயிலில் ஜன்னல் சீட்டு. வயல், மரம், வயல், மரம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது, அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஈரோட்டில் வண்டி நின்றபோது அக்காவுக்குப் போன் பண்ணினேன். அப்போது அவள் ஏழு மாசம்... இல்லை, ஆறு மாசம்.

"எனக்கு செவப்பு பச்சை தெரியாதாம். உனக்குத் தெரியுமா?"

அங்கே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினாள்.

"தெரியும் சாமி."

"எப்ப இருந்து?"

"செம்பருத்தி பறிக்கப் போனீல்ல, மூணாங்கிளாஸ்ல. அப்ப இருந்து."

எனக்கு அதுவும் ஞாபகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாமிக்குச் செம்பருத்தி பறித்து வா என்று அம்மா அனுப்பினாள். போய்ப் பார்த்துவிட்டு, செடியில் பூவே இல்லை என்று வந்தேன். அக்கா போனாள். பதினொரு பூ கொண்டு வந்தாள். அம்மா என்னைத் திட்ட வாய் திறந்தபோது, "அவன் போறதுக்கு முன்னாடியே நான்தான்மா பறிச்சு வெச்சுட்டேன்" என்றாள். அப்போது எனக்கு அது ஒரு நல்ல அக்கா செய்கிற வேலையாகத் தெரிந்தது.

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொன்னா நீ பெயிண்ட் அடிக்கறத உட்டுருப்ப."

"நான் ஸ்கூல உட்டுட்டேனேக்கா."

அழுதாளா என்று கேட்காதீங்க. எனக்குத் தெரியாது. கட் பண்ணிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அது பெயிண்ட் இல்லை, தங்கவேல் மாமா. அம்மாவோட தம்பி. அவருக்கும் இது இருந்தது, யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அப்பாவோட மோட்டார் வைண்டிங் கடையில்தான் இருந்தார். நான் செம்பருத்தி பறிக்கப் போனதுக்கு முந்தின வருசம், ஒரு தோட்டத்து மோட்டாரில் சிவப்பு ஒயரைக் கொடுக்கிற இடத்தில் பச்சை ஒயரைக் கொடுத்துவிட்டார். மோட்டார் மேல் கரண்ட் ஏறிவிட்டது. தோட்டத்துக்காரர் கை வைத்ததும் தூக்கி வீசிவிட்டது. உயிர் போகவில்லை, கைதான் கொஞ்ச நாள் வேலை செய்யவில்லை. அப்பா மாமாவைக் கடையில் இருந்து, வீதியில் எல்லாரும் பார்க்க, வெளியே தள்ளினார். "செவப்பும் பச்சையும் தெரியாதவனெல்லாம் மனுசனா? உங்க வம்சத்துலயே பொட்டைக் கண்ணு" என்று அம்மாவுக்கும் சேர்த்து விழுந்தது. அன்றைக்கு அக்கா கடைக்குச் சோறு கொண்டு போயிருந்தாள். தூக்குப் போசியோடு நின்று பார்த்திருக்கிறாள். மாமா அப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. அக்கா காதுகுத்துக்கு மடி கொடுத்தவர், அவள் கல்யாணத்துக்கு வரவில்லை. அவர் இப்போது திருப்பூரில் எங்கேயோ வாட்ச்மேன்.

இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்தால் கோபம் போயிடணுமா? போகவில்லை. பத்து வருசம் எனக்காகச் சொல்லாமல் இருந்தாள், சரி. நான் ஸ்கூலை விட்டுவிட்டு நேவிக்காக ஓடின கடைசி ஆறு மாசம் யாருக்காக?

வீட்டிலா? வீட்டில் நான் சொல்லவில்லை. தட்டைப் பாதம், அதனால் எடுக்கவில்லை என்று சொன்னேன். அப்பா என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானடா இருக்குது" என்றார். அது பொய் இல்லைங்கண்ணா. அவர் தாங்க மாட்டார், சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். அது வேறு, அக்கா செய்தது வேறு.

இப்போது அப்பா கடையில்தான் இருக்கிறேன். வைண்டிங் பழகிவிட்டேன். ஒயர் கலர் எனக்குத் தேவையில்லை. டெஸ்ட் லேம்ப் வைத்து ஒவ்வொரு முனையாகப் பார்த்து, நூலில் முடிச்சுப் போட்டுவிடுவேன். ஒரு முடிச்சு, ரெண்டு முடிச்சு, மூன்று முடிச்சு. "இவன் தொழில்ல என்னைவிட சுத்தம், எதையும் கண்ணுல பார்த்து நம்ப மாட்டான்" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். காலையில் போகிறேன், சுற்றுகிறேன், சாப்பிடுகிறேன், சுற்றுகிறேன், வருகிறேன். சந்தோசமா என்றால் இல்லை. கஷ்டமா என்றால் அதுவும் இல்லை. கை மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாது பாருங்க, அந்த மாதிரி. ஒரு வருசம் அப்படியே போய்விட்டது.

பையன் பிறந்தபோது எல்லாரும் போனார்கள். கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் போகவில்லை.

அக்கா வாரத்துக்கு ஒரு தடவை வாட்ஸப் அனுப்புவாள். சாப்பிட்டியா. பையனுக்குப் பல் முளைச்சிருச்சு. கப்பல் செய்யறியா. எல்லாம் படித்துவிடுவேன், பதில் போட மாட்டேன். போன வாரம் வந்தது இதுதான், பாருங்க: "நாலு கலக்கி வெச்சிருக்கேன். வர்றப்ப கப்பல் கொண்டு வா."

இதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் ஏறியது. இன்னும் இவளுக்கு நான் நாலாம் நம்பர்தான். இவள் கலக்கித் தந்தால்தான் நான் பெயிண்ட் அடிப்பேன் என்று இருக்கிறாள். கப்பல் கொண்டு வருகிறேன், முழுசாக முடித்தே கொண்டு வருகிறேன் என்று முடிவு செய்தேன்.

உடம்பு ஏற்கெனவே முடிந்திருந்தது, சாயம்தான் பாக்கி. அட்லாண்டிக் பக்கம் ஓடின கப்பலுக்கு ஒரு வேசம் உண்டு. வெள்ளை மேல் வெளிர் நீலத் திட்டு, வெளிர் பச்சைத் திட்டு. தூரத்தில் இருந்து பார்த்தால் வானத்தோடு கலந்து கப்பலே தெரியாது. ஹார்டுவேர் கடையில் போட்டோவைக் காட்டி, அதே மாதிரி கலக்கிக் கொடுங்க என்றேன். கொடுத்தார். ஒவ்வொரு டப்பா மேலும் அவரையே பேர் எழுதித் தரச் சொன்னேன். நம்பர் வேண்டாம், பேர் எழுதுங்க என்றேன். அடிப்பாகத்துக்கு எதுவும் வாங்கவில்லை. அப்பா கடையில் மோட்டாருக்கு முதல் கோட் அடிக்கிற ரெட் ஆக்சைடு இருக்கிறது, கப்பல் அடிக்கு அது அச்சு அசல். டின் பூராவும் வழிந்து லேபிள் ஒன்றும் தெரியாது, ஆனால் மூடியில் மார்க்கரில் எழுதியிருக்கும். எழுதினதே நான்தான். முந்தாநாள் எல்லாரும் போனதும் கப்பலைக் கவிழ்த்து வைத்து ரெண்டு கோட் அடித்தேன். கை நடுங்கவே இல்லை. தண்ணிக் கோடு ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வந்திருக்கிறது. இன்னும் யாரும் பார்க்கவில்லை. அக்காதான் முதலில் பார்க்கணும்.

அப்புறம் மடியில் பையனை வைத்துக்கொண்டு சொல்வேன். இது அம்மா வழியாக வருவது, பையன்களுக்குத்தான் வரும், இவனுக்கும் இருக்கலாம், எனக்கு இருக்கிறது, தங்கவேல் மாமாவுக்கு இருக்கிறது, அக்காவுக்கு எல்லாம் தெரியும், உங்களிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள், எனக்கு நடந்தது இவனுக்கு நடக்கக்கூடாது. இதில் என்ன தப்பு? உண்மைதானே.

தனியாகச் சொல்லலாமே என்கிறீங்க. தனியாகச் சொன்னால் அவள் தனியாகவே வைத்துக்கொள்வாள், பத்து வருசம் அப்படித்தான் வைத்திருந்தாள். அவள் மாமியார் ஒரு மாதிரியா? ஆமாம், ஒரு மாதிரிதான் என்று அம்மா சொல்வாள். அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? அவளைப் பழிவாங்கவில்லைங்க நான். இருப்பதைச் சொல்கிறேன். எனக்கு யாரும் மூஞ்சிக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டு போயிருப்பேன்.

பல்லடம் தாண்டிவிட்டோமா? கப்பலைப் பார்க்கிறீங்களா? அக்காதான் முதலில் என்று சொன்னேன், பரவாயில்லை. ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. மூடியை மட்டும் தூக்குகிறேன், நீங்க அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளுங்க. மெதுவா. கம்பி பத்திரம். ஸ்டாண்டோடு இருப்பதால் அடிப்பாகம்கூட நன்றாகத் தெரியும், கொஞ்சம் குனிந்து பாருங்க.

ம்?

ஊசிதான், ஆமாம், ஆஸ்பத்திரி ஊசி. அறுத்து ராவினது. அது படகு. உயிர் காக்கிற படகு, ரெண்டு பக்கமும் இருக்கும். இது டார்பிடோ விடுகிற குழாய். முன் சீட்டுப் பாப்பா, நீயும் பார், கை மட்டும் வைக்காதே கண்ணு. ஆமாம், கப்பல். தண்ணியில் விட்டால் மிதக்காது, சும்மா பார்க்கத்தான்.

என்ன சொன்னாய் பாப்பா?

இன்னொரு தடவை சொல்லு.

பச்சைக் கப்பலா. மேலேதானே, அந்தத் திட்டுதானே? கீழேயா? கீழே பூராவுமா?

அண்ணா. நீங்க சொல்லுங்க. பாப்பாவைத் திட்டாதீங்கம்மா, விடுங்க, சின்னப் பிள்ளை. அண்ணா, தண்ணிக் கோட்டுக்குக் கீழே என்ன கலர்?

சிவப்பா.

சிவப்புதான் என்கிறீங்க. பாப்பாவுக்குச் சரியாகத் தெரியவில்லை என்கிறீங்க.

உங்களுக்குப் பொய் சொல்ல வரவில்லைங்கண்ணா. என் மூஞ்சியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொல்கிறீங்க. மோட்டாருக்கு மேல் கோட் அடிக்கிற பச்சை ஒன்று எங்கள் கடையில் இருக்கிறது. அதே சைஸ் டின். ரெண்டையும் கடைசியில் மூடி வைத்தது நான்தான். மூடி மாறியிருக்கும். இல்லை, மாறியிருக்கும் இல்லை, மாறியிருக்கிறது.

சரி, மூடியை வைத்துவிடுங்க. பின்னால் ஏன் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள்? ஒன்றும் இல்லைங்க, உட்காருங்க. கண்டக்டர் அண்ணா, ஒன்றும் இல்லை. கப்பல்தான், ஆமாம், பச்சைக் கப்பல், சிரிச்சுக்குங்க.

காது சூடாக இருக்கிறது எனக்கு. தொட்டுப் பாருங்க வேண்டுமென்றால். வேண்டாம்.

நீங்க சூலூரில் ஏறினீங்க. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நான் யாரென்றே உங்களுக்குத் தெரியாது, பேர்கூடக் கேட்கவில்லை. பிரணேஷ். உங்களுக்கே சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குப் பத்து வருசம்.

நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டு போவேன் என்று சொன்னேனே. அப்படி இல்லை போல.

தண்ணி இருக்கிறதா உங்களிடம்?

வேண்டாங்க, போதும்.

கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலேயே அடித்துவிடலாம். பச்சை மேல் சிவப்பு அடித்தால் ரெண்டு கோட்டில் மறைந்துவிடும், மூன்று அடித்தால் நல்லது. ஒவ்வொன்றும் காய நாலு மணி நேரம். இன்றைக்குச் சாயங்காலம் ஆரம்பித்தால் காலையில் முகூர்த்தத்துக்குக் காய்ந்துவிடும். கோடு மட்டும் நேராகப் பிடிக்கணும், அது எனக்கு வரும்.

நாளைக்கா? தெரியவில்லை. பையன் செம்பருத்தி பறிக்கப் போகிற வயசு வர இன்னும் நாலைந்து வருசம் இருக்கிறது. அதுக்குள் அவனிடம் சொன்னால் போதும். நானே சொல்லிக்கொள்கிறேன். கூட்டத்துக்கு எதுக்கு. அக்காவிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, கடைசி ஆறு மாசம் பற்றி. அதை அடுப்படியில் வைத்துக் கேட்பேன். கேட்காமல் விட மாட்டேன்.

ஒரு நிமிசம் இருங்க. பெட்டியைப் பிடித்துக்கொள்ளுங்க, குண்டடத்தில் வேகத்தடை இருக்கும்.

"நாலு எடுத்து வை." அக்காவுக்கு வாட்ஸப்பில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். ஒரு வருசத்துக்கு அப்புறம் அனுப்புகிறேன், இன்னும் கொஞ்சம் எழுதலாம்தான். வரவில்லை.

போய்விட்டது. ஒரு டிக். ரெண்டு டிக். ரெண்டும் சாம்பல்.

அடுப்படியில் இருப்பாள். நாளைக்குச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். போனைப் பார்க்க நேரம் எங்கே இருக்கும்.

இல்லை. மாறிவிட்டது, பாருங்க. நீங்க சொல்ல வேண்டாம். நீலம் எனக்குத் தெரியும்ங்கண்ணா.